முதலைக்குக் காது உண்டு

மஞ்சக்குப்பம், கடலூர்
14.7.2025

சிதம்பரம் மேலவீதியில் எடை மெஷின் பழுதுபார்க்கும் திரு. பூவராகன் அவர்களுக்கு,

தங்கள் அக்காள் அமராவதியின் கணவன் தேவநாதன் எழுதுவது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை ரேடியோக் கூட்டத்தில், வீட்டில் ரேடியோ வைத்து ஊரோடு பேசும் இருபத்து மூன்று ஹாம் நிலையங்கள் கேட்டுக்கொண்டிருக்கையில், தாங்கள் என்னை முதலை என்றீர்கள். இனி பூவராகனோடு பேச்சு இல்லை என்று அதே இருபத்து மூன்று பேருக்கும் நான் அறிவித்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். துண்டித்த இணைப்பு துண்டித்ததுதான். ரேடியோவிலும் பேச மாட்டேன், போனிலும் பேச மாட்டேன். கடிதம் பேச்சில் சேராது. முதலில் அமராவதியைத்தான் தகவல் சொல்லச் சொன்னேன். "ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கேட்டதத் திருப்பிச் சொல்ல நான் என்னா ரிப்பீட்டரா? ஒரு ஸ்டாம்ப் வாங்கி எழுதுங்க" என்று சொல்லிவிட்டு உளுந்து ஊறவைக்கப் போய்விட்டாள்.

கீழே வருவதெல்லாம் தங்களுக்குத் தெரிந்ததே. நாளை இந்தக் கடிதம் குடும்பப் பஞ்சாயத்துக்குப் போனால் படிப்பவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நெய்தல் என்பது தங்கள் மகள் சரண்யாவும் அவள் வகுப்புப் பிள்ளைகளும் கல்லூரியில் செய்த செயற்கைக்கோள். எடை ஒரு கிலோ முந்நூறு கிராம். கீழேயிருந்து ஒருவர் பேசினால் அதைக் கேட்டு, வேறொரு அலைவரிசையில் ஊருக்கெல்லாம் திருப்பிச் சொல்ல வேண்டியது அதன் வேலை. மேலே போய்ப் பதினேழு மாதம் ஆகிறது. பீப் பீப் என்று தான் இருப்பதைச் சொல்கிறதே ஒழிய, இதுவரை யார் பேச்சையும் திருப்பிச் சொன்னதில்லை. அதில் கேட்கும் பகுதியைச் செய்தவள் சரண்யா. கல்லூரி அறிக்கையில் 'ரிசீவர் பழுது' என்று எழுதி, பக்கத்தில் அவள் பெயரையும் போட்டார்கள். ஆகஸ்ட் கடைசியில் நெய்தல் கீழே விழுந்து காற்றில் எரிந்துவிடும். அதற்குள் ஒரு தடவையாவது அது வாய் திறக்காவிட்டால் அந்த இரண்டு சொல்லும் அவள் பெயருக்குப் பக்கத்தில் அப்படியே நிற்கும்.

சனிக்கிழமை காலை 9.41க்கு நான் அதை வாய் திறக்க வைத்தேன். இதுதான் நான் கூட்டத்தில் சொன்னது. நானே செய்த வால்வு ஆம்ப்ளிஃபயர். இரண்டு வால்வு, நூறு வாட். டிரான்ஸ்பார்மர் மட்டும் ஒன்பது கிலோ. எட்டு நிமிடம் விடாமல் அழைத்தேன். முடிகிற நேரத்தில் இரைச்சலுக்கு நடுவில் என் குரலே எனக்கு இரண்டு வினாடி திரும்பி வந்தது. என் குரலை எனக்குத் தெரியும். அறுபத்தொரு வருடமாகக் கேட்கிறேன்.

அதற்குத் தாங்கள் சொன்னது: "மாமா, எதுத்தாப்புல கல்யாண மண்டபத்துல எவனாவது மைக் டெஸ்ட் பண்ணிருப்பான். ஒங்களுக்கு வாய்தான், காது ஏது? சுத்த முதலை."

விளக்கம் தேவை.

இப்படிக்கு,
பேசாத
தேவநாதன்


மேலவீதி, சிதம்பரம்
17.7.2025

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. 'தாங்கள்' என்று படித்ததும் கோபத்தின் அளவு புரிந்தது. என் அக்காவைக் கட்டி முப்பது வருடத்தில் நீங்கள் என்னை 'டேய்' தவிர வேறெதுவும் சொன்னதில்லை.

சத்தமாகப் பேசி, பதிலைக் கேட்க முடியாத நிலையத்துக்கு உலகமெங்கும் ஹாம்கள் வைத்த பெயர் முதலை. நான் கண்டுபிடித்ததல்ல. மேலும் நான் குமராட்சிக்காரன். பழைய கொள்ளிடத்தில் அசல் முதலை கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவன். எங்கள் பக்கம் அந்தச் சொல்லை லேசாக வாயில் போடுவதில்லை.

இனி விஷயம். என்னிடம் இருப்பது ஐந்து வாட் கைக்கருவியும், திரைச்சீலைக் கம்பியை அறுத்து நான் செய்த ஆண்டெனாவும். இதை வைத்துக்கொண்டு அறுபத்தொரு முறை நெய்தல் தலைக்குமேல் போகும்போது மொட்டைமாடியில் நின்று அழைத்திருக்கிறேன். அறிவித்த அலைவரிசையில் ஒரு மயிரிழை பிசகாமல். கடையில் ஒரு கிராமுக்கும் இரண்டு கிராமுக்கும் சண்டை தீர்த்துவைப்பவன் நான், பிசக மாட்டேன். பீப் நன்றாகக் கேட்கும். பதில் வராது.

சரண்யா இப்போது சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் அடுத்தவர் செய்த பிழைகளைக் கண்டுபிடிக்கும் வேலை பார்க்கிறாள். அறிக்கை வந்த அன்று ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் அயர்னைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள். இன்றுவரை எடுக்கவில்லை. அந்த இரண்டு சொல்லை அழிக்க என்னைவிட ஆசை உள்ளவன் யார்? அதனால்தான் பயப்படுகிறேன். நீங்கள் கேட்டது மைக் டெஸ்ட்டாக இருந்து, அதை நம்பி நான் அவளிடம் சொல்லிவிட்டால், அந்த அறிக்கையை அவளுக்கு இரண்டாம் முறை அனுப்பினவன் நானாக இருப்பேன்.

சோதனை வைப்போம். வரும் ஞாயிறு 20ஆம் தேதி காலை 10.06க்கு நெய்தல் வருகிறது. நீங்கள் பேசுங்கள், நான் இங்கே கேட்கிறேன். "ஹலோ, டெஸ்டிங்" வேண்டாம். நான் ஊகிக்கவே முடியாத எதையாவது படியுங்கள்.

அன்புடன்,
பூவராகன்


மஞ்சக்குப்பம், கடலூர்
20.7.2025, பகல் 11 மணி

திரு. பூவராகன் அவர்களுக்கு,

படித்தேன். ஒன்பது நிமிடம். தொண்டை கட்டிவிட்டது. வால்வு இரண்டும் நீல வெளிச்சம் காட்டின. அந்த ஒன்பது நிமிடமும் மிக்ஸி ஓடவில்லை என்று அமராவதி புகார் சொல்கிறாள்.

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, மண்டபம் அடங்கிக் கிடக்கும் என்று நம்பினேன். ஆடித் தள்ளுபடித் துணி விற்பனைக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். நாலாயிரம் சீரியல் பல்பு. ரேடியோவில் எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிக்கும் சத்தம் தவிர எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இதைத் தங்கள் கருத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்ன படித்தேன் என்பதை எழுத மாட்டேன். தாங்கள் எழுதுங்கள்.

தேவநாதன்


மேலவீதி, சிதம்பரம்
20.7.2025, பகல் 11 மணி

மாமா,

"வடலூர் தனபாக்கியம் சின்னம்மா குடும்பத்தார், சேத்தியாத்தோப்பு மரக்கடைப் பெரியப்பா, புவனகிரி".

பதினோரு வினாடி. 10.14 ஆகி நாற்பதாவது வினாடியில் ஆரம்பித்து, புவனகிரியில் நின்றுவிட்டது. நெய்தல் அப்போது கடல் பக்கம் சாய்ந்து மறையப்போகிற நேரம். நான் கையைக் கீழே போட்டுவிடலாம் என்று இருந்தேன். பீப் நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம் அமைதி. பிறகு மேலேயிருந்து நீங்கள் வந்தீர்கள். உங்கள் குரல், உங்கள் இருமல், பின்னால் அக்கா "மிக்ஸி ஓடல" என்று சொல்வது வரைக்கும்.

மண்டபத்து மைக்கில் எவனும் மரக்கடைப் பெரியப்பாவைக் கூப்பிட்டிருக்க மாட்டான். பதிவு செய்திருக்கிறேன். இதுவரை பதினேழு முறை போட்டுக் கேட்டுவிட்டேன். மாடியில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடை ராமாமிர்தம் ஏறி வந்துவிட்டார். "என்னாங்க, எதாச்சும் பரிசு விழுந்திருக்கா?" என்றார். "இல்லீங்க, வடலூர் சின்னம்மா" என்றேன். மெதுவாக இறங்கிப் போய்விட்டார்.

சரண்யாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஒன்பது நிமிடத்தில் பதினோரு வினாடிதான். மீதி நேரம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தது என்று தெரிய வேண்டும். தெரிந்ததும் சொல்கிறேன்.

பூவராகன்

பி.கு: நாற்பத்தைந்து கிலோமீட்டர்தானே, உங்கள் சிக்னல் நேராகவும் இங்கே வருகிறது. சந்தோஷமான நேரத்தில் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள்: உங்கள் அலைவரிசை ஓரிடத்தில் நிற்கவில்லை. வாத்து மாதிரி நடக்கிறது. அலைவரிசையை உண்டாக்கும் அந்தப் பழைய ஆசிலேட்டரைத் தூக்கிப்போட்டுவிட்டு, அதை ஓரிடத்தில் நிறுத்தும் க்ரிஸ்டல் போடுங்கள். இதை ஏழு வருடமாகச் சொல்லி வருகிறேன்.


மஞ்சக்குப்பம், கடலூர்
29.7.2025

பூவராகன் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை அமராவதிக்குப் படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் கொரலும் மேல போச்சா?" என்று கேட்டாள். போனது என்று சொன்னேன். "மொதல்லயே சொல்லிருந்தா நல்லதா நாலு வார்த்த பேசிருப்பேன்" என்றாள்.

படித்தது மேஜைமேல் கிடந்த கல்யாணப் பத்திரிகை. அமராவதி வழி உறவு. சுற்றம் மட்டுமே இரண்டு பக்கம்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. பதினோரு வினாடி முடிந்தால் ஒன்பது நிமிடமும் முடியும். ஆகவே இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தேன். அடுத்தவர் ஆலோசனையைக் கேட்டேன். தங்கள் பின்குறிப்பின்படி ஆசிலேட்டர் பெட்டியைக் கழற்றி எடுத்துவிட்டு க்ரிஸ்டல் போட்டுவிட்டேன். மூன்று மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். அலைவரிசை ஆணி அடித்தது போல் நிற்கிறது. வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: தாங்கள் சொன்னது சரி. பழைய பெட்டியை ராஜவேல் இரும்புக் கடையில் போட்டுவிட்டேன். கண்ணெதிரே இருந்தால் மனம் மாறும்.

ஆகஸ்ட் 1, 2, 3 மூன்று நாளும் காலைச் சுற்றில் பேசுகிறேன். இந்தத் தடவை பத்திரிகையை முழுவதும் கேட்பீர்கள். தாய்மாமன் சீர் வரைக்கும்.

தேவநாதன்


மேலவீதி, சிதம்பரம்
4.8.2025

மாமா,

மூன்று நாளும் ஒரு சொல்கூட வரவில்லை. முதல் நாள் என் காதைச் சந்தேகப்பட்டேன். இரண்டாம் நாள் ஆண்டெனாவை. மூன்றாம் நாள்தான் சந்தேகப்பட வேண்டிய ஆள் நான் என்று தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையிலிருந்து வந்த சரண்யாவிடம், நேற்றுக் காலைச் சுற்றும் வீணான பிறகு, மறைக்க முடியாமல், பதிவைப் போட்டுக் காட்டிவிட்டேன். அவள் அழவில்லை, சிரிக்கவில்லை. நான்கு முறை கேட்டாள். "மாமா எத்தன நிமிஷமா பேசிட்டிருந்தாரு?" என்றாள். ஒன்பது என்றேன். "அவரு செட்டு சூடானா எந்தப் பக்கம் நகரும்?" கீழே என்றேன். "எவ்ளோ?" இங்கே நேராக வந்த சிக்னலை வைத்து இருபது கிலோஹெர்ட்ஸ் என்றேன். ஒரு பேப்பரை எடுத்தாள். அரை மணி நேரம் கணக்குப் போட்டாள். பிறகு மூன்றே வாக்கியம்: "அப்பா, ரிசீவர் பழுது இல்ல. எடம் மாறி ஒக்காந்திருக்கு. நான் கேட்ட க்ரிஸ்டல் வேற, அவுங்க வாங்கிக் குடுத்தது வேற."

குளிரில் நகராத க்ரிஸ்டலை அவள் கேட்டிருக்கிறாள். அதே அளவு, அதே கால், பாதி விலை என்று கல்லூரியில் வேறொன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இது நகரும் என்று அவள் அப்போதே எழுதிக் கொடுத்தாள். பதில் வரவில்லை. ஆக, நெய்தல் செவிடு இல்லை. அறிவித்த இடத்தைவிட்டு இருபது கிலோஹெர்ட்ஸ் கீழே உட்கார்ந்து, யாராவது பேச மாட்டார்களா என்று பதினேழு மாதமாகக் காத்திருக்கிறது. நாமெல்லாம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறோம். அதிலும் நான், மயிரிழை பிசகாமல்.

உங்கள் பழைய ஆசிலேட்டர் சூடேறி, வாத்து நடை நடந்து, ஒன்பதாவது நிமிடத்தில் தற்செயலாகச் சரியான கதவுக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் நெய்தல் மறைய பதினோரு வினாடிதான் பாக்கி. அவ்வளவுதான் ரகசியம்.

நேற்று மாலைச் சுற்றில் என் ஐந்து வாட்டையும் கீழே இறக்கிப் பார்த்தேன். படிப்படியாக இறங்கினேன். ஒன்றுமில்லை. மேலே ஆண்டெனா பாதிதான் விரிந்திருக்கும் என்கிறாள் சரண்யா. சரியான கதவைத் தட்டினால் மட்டும் போதாது, பலமாகவும் தட்ட வேண்டும். எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்: நூறு வாட் வேண்டும். நான் அங்கே வந்து என் கருவியை உங்கள் ஆம்ப்ளிஃபயரில் மாட்டலாம். அப்புறம் இங்கே கேட்க ஆள் இல்லை, அங்கே கேட்க மண்டபம் விடாது. தவிர, அந்த ரிசீவர் வெயிலுக்கும் நிழலுக்கும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் இடம் மாறுகிறது. படி தாண்டிக் குதிக்கும் என் கருவியைவிட, வழுக்கிக்கொண்டே இறங்கும் உங்கள் பெட்டிதான் அதைத் தேடிப் பிடிக்கும்.

அதனால் மாமா, நான் ஏழு வருடமாகச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். க்ரிஸ்டலைக் கழற்றிவிடுங்கள். அந்தப் பழுதைத் திரும்பப் போடுங்கள். இருபது நாள்தான் இருக்கிறது.

பூவராகன்


மஞ்சக்குப்பம், கடலூர்
12.8.2025

பூவராகன் அவர்களுக்கு,

அறுபத்தொரு வயதில் முதல் தடவையாக ஒருவர் சொன்னதைக் கேட்டேன். அதன் பலனை அனுபவித்து வருகிறேன்.

ராஜவேல் கடைக்குப் போனேன். பெட்டியை அன்றே தாழங்குடா பக்கிரி எடுத்துப் போய்விட்டார் என்றார்கள். மீன்பிடிப்பவர். அலுமினியப் பெட்டி, உப்புக் காற்றுக்குத் துரு ஏறாது என்று விரும்பி வாங்கினாராம். தாழங்குடா போனால் ஆள் கடலில். மறுநாள் போனால் தூக்கத்தில். மூன்றாம் நாள் படகிலேயே பிடித்தேன். பெட்டிக்குள் பீடிக்கட்டு, தீப்பெட்டி, ஒரு வெற்றிலைச் சுருள்.

"உள்ள ஒரு கம்பிச் சுருளும் கண்ணாடிக் குமிழும் இருந்துச்சே, என்னா பண்ணீங்க?"

"அதுவா சார்? நல்லா மினுமினுன்னு இருக்குன்னு வீட்டுக்காரி டிவி மேல வச்சிருக்கா. ஏன் சார், வெல ஜாஸ்தியா?"

"இல்லீங்க. அது சரியா வேல செய்யாது. அதான் வேணும்."

பக்கிரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "வேல செய்யாதுன்னா கடல்ல போடுவாங்க. நீங்க தேடிக்கிட்டு வர்றீங்க" என்றார். அமராவதியின் எவர்சில்வர் டப்பா ஒன்றைக் கொடுத்து, பெட்டியையும் டிவி மேல் இருந்ததையும் வாங்கிக்கொண்டேன். இது அமராவதிக்கு இன்னும் தெரியாது. கடிதம் பேச்சில் சேராது என்பதைத் தாங்களும் மனதில் வைக்கவும்.

பெட்டியை மாட்டிவிட்டேன். மீன் வாசனையோடு வேலை செய்கிறது. அதாவது, முன்போலவே செய்யவில்லை. பேசாமல் சும்மா சூடேற்றினால் இருபது நிமிடத்தில் இருபது கிலோஹெர்ட்ஸ் இறங்குகிறது. அதற்குமேலும் இறங்குகிறது, நிற்க மாட்டேன் என்கிறது. அதை நிறுத்த வழி சொல்லவும்.

ஆனால் ஒன்று. சரண்யா எனக்கும் மகள் மாதிரி. அவளுக்காக எத்தனை பழுது வேண்டுமானாலும் போடுவேன். ஆனால் இருபத்து மூன்று நிலையம் கேட்கச் சொன்ன சொல்லை இருபத்து மூன்று நிலையம் கேட்கத் திரும்பப் பெற வேண்டும். ஞாயிறு காலைக் கூட்டம் 17ஆம் தேதி.

தேவநாதன்


மேலவீதி, சிதம்பரம்
18.8.2025

மாமா,

நேற்று நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று தெரியும். கூட்டத்தை நடத்தும் புதுச்சேரி அன்புமணி "தேவநாதன் சார் இருக்கீங்களா?" என்று கேட்டதற்கு, பேசாமல் மைக் பொத்தானை மட்டும் இரண்டு முறை தட்டினது நீங்கள்தான். நூறு வாட்டில் தட்டினால் தெரியாதா.

நான் சொன்னதை எழுத்திலும் தருகிறேன், பஞ்சாயத்துக்கு உதவும். "மாமாவை முதலை என்று சொன்னது உண்மைக்குப் புறம்பானது. விசாரித்தேன். முதலைக்குக் காது உண்டு. கண்ணுக்குப் பின்னால் ஒரு மடிப்புக்குள் இருக்கிறது. தண்ணீருக்குள் போகும்போது மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். முட்டைக்குள் இருக்கும் குஞ்சு கத்தினால்கூடத் தாய் முதலைக்குக் கேட்குமாம். ஆகவே அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்." அன்புமணி, "இது மன்னிப்பா, விலங்கியல் பாடமா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன்.

இப்போது பெட்டியை நிறுத்தும் வழி. மூடியைத் திறந்து வையுங்கள். சூடேறினால் அலைவரிசை இறங்கும், விசிறினால் ஏறும். அக்கா கையில் ஒரு பனையோலை விசிறி கொடுங்கள். மின்விசிறி வேண்டாம், அதற்கு நிதானம் கிடையாது. நான் இங்கே உங்கள் சிக்னல் எங்கே நிற்கிறது என்று பார்த்து அக்காவுக்குப் போனில் சொல்வேன். அவள் வீசுவாள், நிறுத்துவாள். ரிப்பீட்டராக இருக்க மாட்டேன் என்றவளிடம் டியூனிங் திருகாக இருக்கச் சம்மதமா என்று கேட்டேன். "வீசுறது எனக்குப் புதுசா? முப்பது வருஷமா அந்த ஆளு சூட்டத் தணிச்சிட்டுதான் இருக்கேன்" என்றாள்.

24ஆம் தேதி ஞாயிறு, காலை 7.52 முதல் 7.58 வரை. நெய்தல் நேர் உச்சியில் வருகிறது. அதற்குப் பிறகு இவ்வளவு நல்ல சுற்று கிடையாது. புதன் தாண்டாது என்கிறாள் சரண்யா. சனிக்கிழமை நேராக உங்கள் வீட்டுக்கு வருகிறாள். மைக் அவள் கையில் இருக்கட்டும். அவளுக்கு உரிமம் இருக்கிறது. நான் மாடியில் இருப்பேன்.

பூவராகன்


மஞ்சக்குப்பம், கடலூர்
25.8.2025

எப்படி அழைத்து எழுதுவது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை 7.58 வரை தெரிந்திருந்தது.

இங்கே நடந்ததை எழுதுகிறேன். அங்கே கேட்டது எனக்குத் தெரியாது.

ஆவணி பிறந்துவிட்டதால் மண்டபத்தில் கல்யாணம். மேளம், சீரியல் பல்பு, ஜெனரேட்டர் எல்லாம் உண்டு. என் ஸ்பீக்கரில் அப்பளம் மட்டும்தான். அதனால் அதை அணைத்துவிட்டேன். ஏழரைக்கே வால்வுகளை ஏற்றினேன். சரண்யா மைக்கைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அமராவதி தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கி, விசிறியோடு பெட்டிக்கு முன்னால் நின்றாள்.

7.52. சரண்யா அழைக்க ஆரம்பித்தாள். அமராவதி சொன்னது அப்படியே: "எறங்குதாம். வீசட்டா? வீசச் சொல்றான். போதுமாம். ஐயோ, நிறுத்தாதன்றான். மெதுவா. இன்னும் மெதுவா. டேய், கையா இது, மெஷினா?" ஒரு நிமிடம் போயிற்று. ஒன்றரை நிமிடம். சரண்யா, "நெய்தல் வழியாக சரண்யா, நெய்தல் வழியாக சரண்யா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லும்போதே குரல் இறங்கிக்கொண்டு வந்தது. கடைசியில் முறைமையெல்லாம் விட்டுவிட்டு, "அப்பா, கேக்குதாப்பா?" என்றாள்.

அமராவதி விசிறியை நிறுத்தவில்லை. "கேக்குதாம்டி" என்றாள். "தண்ணி மாதிரி கேக்குதாம். பேசுடி. அவன் அழுவுறான், நீ பேசு."

மூன்று நிமிடம் பேசினாள். என்ன பேசினாள் என்பது அங்கே பதிவாகியிருக்கும். க்ரிஸ்டலைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தன்னோடு செய்த ஆறு பிள்ளைகள் பெயரையும் சொன்னாள். புதுச்சேரியில் அன்புமணி கேட்டார். நாகப்பட்டினத்தில் கேட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு டாக்டர் பதிவு அனுப்பியிருக்கிறார். அமராவதி கை வலி தாங்காமல் மற்றொரு கைக்கு மாற்றினாளே ஒழிய ஒரு வினாடி விடவில்லை.

நாற்பது வினாடி இருக்கையில் சரண்யா மைக்கை என்னிடம் நீட்டினாள். நான் ஒன்று சொன்னேன். சொல்லி முடித்தபோது அமராவதி, "சத்தம் நின்னுபோச்சாம்" என்றாள்.

போன் வழியாக முடித்த தொடர்பு தொடர்பே அல்ல என்பது நம் வழக்கம். அலைவரிசையை நகர்த்தப் போன் கூடும், செய்தி சொல்லக் கூடாது. ஆகவே நான் சொன்னதைப் போனில் சொல்லக் கூடாது என்று அமராவதியிடமும் சரண்யாவிடமும் சத்தியம் வாங்கினேன். பிறகு நாலு மணி வரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

கேட்டிருந்தால், கேட்டேன் என்று உறுதி சொல்லும் தொடர்பு அட்டையை வழக்கப்படி அனுப்பு. கேட்டும் அசையாமல் இருந்திருந்தால் அட்டை வேண்டாம். அதுவே எனக்குப் பதில்.

தேவநாதன்


தொடர்பு உறுதி அட்டை

யாருக்கு: தேவநாதன், கடலூர்
யார்: பூவராகன், சிதம்பரம்
வழி: நெய்தல்
நாள்: 24.8.2025
நேரம்: காலை 7.57
தெளிவு: ஐந்துக்கு ஐந்து
பலம்: ஒன்பதுக்கு ஒன்பது
குறிப்பு (இடம் போதாமல் பின்பக்கமும்):

மாமா, எனக்கு வந்தது இவ்வளவுதான்: "மச்சான், வெயில்ல நிக்காத. மத்தியானம்". அதோடு நெய்தல் மறைந்துவிட்டது. மீதியை எதிர்பார்த்து எட்டரை மணி வரை மாடியில் நின்றேன். வெயிலில்தான்.

அக்காவுக்குப் போன் செய்தேன். "நான் ரிப்பீட்டர் இல்லடா" என்று வைத்துவிட்டாள். சரண்யா சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். "சத்தியம் பண்ணிருக்கேம்பா" என்றாள். கையில் ஒரு தூக்குவாளி. கடை மெஷினில் வைத்துப் பார்த்தேன். வஞ்சிர மீன் குழம்பு மட்டும், வாளி எடை கழித்து, இரண்டு கிலோ நூற்றுப் பத்து கிராம். மூன்று பேர் சாப்பிட்ட வீட்டில் அவ்வளவு மிஞ்சாது. அங்கே யாரோ ஒருவன் வரவில்லை என்று கருவி சொன்னது. அவன் யார் என்று உங்கள் கடிதம் வந்த பிறகு தெரிந்தது.

நேற்று, புதன்கிழமை, காலைச் சுற்றில் பீப் வரவில்லை. மாலையிலும் வரவில்லை. ஆக, அது பூமிக்குத் திருப்பிச் சொன்ன கடைசி மனிதப் பேச்சு நீங்கள் என்னை வெயிலில் நிற்காதே என்றது.

ஞாயிறு ராத்திரியே பதிவுகளைக் கல்லூரிக்கு அனுப்பினோம், திருத்திய அறிக்கை வந்துவிட்டது. 'ரிசீவர் பழுது' இல்லை. 'ரிசீவர் இயங்கியது, க்ரிஸ்டல் கேட்டபடி வழங்கப்படவில்லை' என்று போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் இந்தத் தடவை யார் பெயரும் இல்லை. இந்த வாரம் லீவு போட்டிருக்கும் சரண்யா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு ஸ்டூல் போட்டுப் பரண்மேல் ஏறினாள். இப்போது வீடெல்லாம் ஈயப் புகை. தீப்பெட்டி அளவில் ஒன்று செய்கிறாள். உங்கள் ஆண்டெனா உச்சியில் கட்டினால் மண்டபத்து பல்பை வடிகட்டிவிட்டு மெல்லிய சிக்னலையும் கேட்கவைக்குமாம். மேலே மார்க்கரால் எழுதியிருக்கிறாள்: 'மாமாவின் காது'.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் கொண்டுவருகிறோம். உங்கள் வாக்கியத்தின் மீதியை அப்போது சொல்லுங்கள். பன்னிரண்டரைக்குக் கதவைத் தட்டுவேன். வெயிலில் நிற்க வைக்காதீர்கள்.

பூவராகன்
28.8.2025